மீன்மேல் போட்ட பழி

ஒப்பிலக்கியத் தாள் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஜப்பானிய நாவலை மாணவிகளுக்குச் சொல்லிவருகிறேன். மோரி ஓகாய் எழுதியது. 1911 முதல் 1913 வரை ‘சுபரு’ இதழில் தொடராக வந்து, 1915இல் நூலானது. மூலத்தில் அதன் தலைப்பு ஒற்றைச் சொல். காட்டு வாத்து என்று பொருள். நான் அதை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன்.

நாவலின் முடிவை நெருங்கும்போது கதைசொல்லி ஒரு முடிவுக்கு வருகிறான். அன்று மாலை விடுதிச் சாப்பாட்டில் மிசோவில் வேகவைத்த மீன் வந்தது. அதனால்தான் ஒகாடா என்ற இளைஞனும் ஒதாமா என்ற பெண்ணும் வாழ்நாளில் மறுபடி சந்திக்க முடியாமல் போயிற்று என்கிறான். ஓர் ஆணி இல்லாமற்போனதால் பெரிய விபரீதம் விளைந்ததாகச் சொல்லும் மேலைநாட்டுச் சிறுவர் கதையையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தைக் காட்டி ‘தற்செயல்’, ‘விதி’ என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஊழ்வினையோடு ஒப்பிடுக என்று வினாத்தாளிலும் கேட்டிருக்கிறேன். மாணவிகள் அழகாக எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன். அந்தப் பாடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் கதை. காலம் 1880, இடம் டோக்கியோ. ஒதாமா தாயில்லாப் பெண். தந்தை மிட்டாய் விற்று அவளை வளர்க்கிறார். ஒரு போலீஸ்காரன் வலுவில் வந்து மருமகனாகிறான். அவனுக்கு ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இருப்பது பிறகு தெரியவருகிறது. ஒதாமா கிணற்றில் விழப்போகிறாள், காப்பாற்றிவிடுகிறார்கள். கெட்டுப்போனவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது. அப்போது வருகிறான் சுயேஸோ. பல்கலைக்கழக விடுதியில் எடுபிடி வேலை பார்த்து, மாணவர்களுக்குச் சில்லறைக் கடன் கொடுத்து, பெரிய வட்டிக்காரனாக வளர்ந்தவன். தன்னை வியாபாரி என்று சொல்லிக்கொள்கிறான். வயதான தந்தையை நல்லபடியாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக ஒதாமா அவனுக்கு வைப்பாக இருக்கச் சம்மதிக்கிறாள். முயென்சாகா என்ற மேட்டுத் தெருவில் அவளுக்கு ஒரு வீடு. அந்தத் தெருப் பெயரின் எழுத்துகளுக்குத் தொடர்பற்ற மேடு என்று பொருள்.

அந்தத் தெரு வழியாக மருத்துவ மாணவன் ஒகாடா மாலையில் உலாவப் போகிறான். சன்னலுக்குள்ளிருந்து அவள் பார்க்கிறாள், அவன் தொப்பியைத் தூக்கி வணங்குகிறான். கூண்டுப் பறவையை விழுங்க வந்த பாம்பை ஒருநாள் அவன் வெட்டிக் கொல்கிறான். அவள் பேச நினைக்கிறாள், வாய்ப்பு வாய்க்கவில்லை. கடைசியில் சுயேஸோ வெளியூர் போகும் நாள் வருகிறது. வேலைக்காரச் சிறுமி உமேயையும் அவள் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு, வாசலில் ஒகாடாவுக்காகக் காத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் அவன் தனியாக வரவில்லை. விடுதித் தோழனான கதைசொல்லி உடன் வருகிறான். ஜெர்மனி போவதற்காக ஒகாடா மறுநாள் விடுதியை விட்டுக் கிளம்புகிறான்.

கதைசொல்லி ஏன் உடன் வந்தான்? விடுதியில் அன்று பரிமாறிய மீன் அவனுக்குப் பிடிக்காது.

அந்த மீனின் பெயர் சபா. நம் அயிலையின் உறவு. சென்னைப் பக்கம் காணாங்கெளுத்தி என்பார்கள். அதை மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில், சர்க்கரையும் சேர்த்து வேகவைப்பார்கள். இனிப்பும் உப்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழம்பு. ஜப்பானில் மிகச் சாதாரணமான வீட்டுச் சாப்பாடு. கதைசொல்லிக்கோ அந்த மணம் பட்டதுமே பழைய விடுதிச் சாப்பாட்டுக் கூடம் நினைவுக்கு வந்து குமட்டுகிறது. அதில் குற்றம் காண மாட்டேன். ஆய்வு மாணவியாக விடுதியில் ஐந்தாண்டு இருந்தவள் நான். இன்றும் ஒருவகைச் சாம்பார் மணம் பட்டால் எழுந்து போய்விடுவேன். நாக்குக்கு நினைவு உண்டு. அவன் நாக்கோடு எனக்கு வழக்கு இல்லை.

வழக்கு அந்தச் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நடப்பதைப் பற்றியது. பல தடவை வாசித்தும் அதை நான் சரியாக வாசித்திருக்கவில்லை. தட்டைக் கொண்டுவருபவள் ஒரு பணிப்பெண். அவன் முகம் சுளிப்பதைப் பார்த்ததும், பிடிக்காதா என்று கேட்கிறாள். சுட்டால் சாப்பிடுவேன், மிசோவில் வேகவைத்தால் ஆகாது என்கிறான். விடுதிக்கார அம்மாவுக்கு இது தெரியாதே என்று வருந்திவிட்டு, வேண்டுமானால் முட்டை கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள். அவன் வேண்டாம் என்கிறான். பசியில்லை, நடந்துவிட்டு வருகிறேன், அம்மாவிடம் எதையாவது சொல்லிவிடு, கறி பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவார் என்கிறான். பிறகு ஒகாடாவின் அறைக்குப் போய் அவனையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறான்.

கதையைத் திருப்பிப் போட்டிருக்கக்கூடியது மீன் அல்ல, முட்டை. அவன் அந்த முட்டையைச் சாப்பிட்டிருந்தால் ஒகாடா வழக்கம்போலத் தனியாக உலாவப் போயிருப்பான். நாவலில் பெயர்கூட இல்லாத ஒரு பெண், தன் கைக்கு எட்டிய ஒரே மாற்றை நீட்டியிருக்கிறாள். அதை வேண்டாம் என்றவன் 35 ஆண்டு கழித்துக் கதை எழுதும்போது, அந்த வேண்டாமைக் கணக்கில் சேர்க்காமல் மீனை மட்டும் சேர்க்கிறான். ‘நான் முட்டையை மறுத்ததால்’ என்று எழுதியிருந்தால் அது ஒருவனின் செயல் ஆகியிருக்கும். ‘மீன் பரிமாறப்பட்டதால்’ என்று எழுதியதால் விதி ஆகிவிட்டது. இலக்கணம் படித்த நமக்கு இந்தச் செயப்பாட்டு வினை உறுத்த வேண்டும். பரிமாறப்பட்டது என்றால் யாரால்? சமைக்கப்பட்டது என்றால் யாரால்?

குறுந்தொகையின் 167ஆம் பாடலை எல்லோரும் படித்திருப்போம். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரலால் துடைத்த ஆடையை மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தலைவி புளிக்குழம்பு வைக்கிறாள். இனிதென்று கணவன் உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இந்தப் பாட்டை நானும் பலமுறை கேள்வி கேட்டிருக்கிறேன். அவள் சாப்பிட்டாளா என்று பாட்டு சொல்லவில்லை. தீர்ப்பும் உண்பவன் வாயில்தான் இருக்கிறது. ஆனாலும் விரலும் புகையும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. ஓகாயின் விடுதிச் சமையலறையில் ஒரு விரல்கூடக் கண்ணுக்குப் படவில்லை.

அந்த விரலைத் தேடித்தான் போன மாதம் இதை வீட்டில் சமைத்துப் பார்த்தேன். மிசோவை இணையக் கடையில் வாங்கினேன். தேங்காய் எண்ணெய் டப்பா அளவு இருந்தது, விலையைச் சொன்னால் அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்துவாள். ஒரு அயிலையை நடுவே பிளந்து, தோலில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல். கொதிநீரை மேலே ஊற்றியதும் தோல் வெளுத்து உறைபனி படிந்தது போலாகும். உடனே குளிர்ந்த நீரில் போட்டு, முள்ளோரம் ஒட்டியிருக்கும் இரத்தத்தை விரலால் வழித்தெடுக்க வேண்டும். கவிச்சி போவது இந்த விரல் வேலையில்தான். பிறகு ஒரு குவளைத் தண்ணீர், இரண்டு கரண்டி சர்க்கரை, நிறைய இஞ்சி. அரிசி மதுவும் ஊற்ற வேண்டும். நம் வீட்டில் அதற்கு வழியில்லை. கொதி வந்ததும் தோல் மேலே இருக்கும்படி மீனை இறக்கி, பாத்திரத்தைவிடச் சிறிய மூடியைக் குழம்பின் மேலேயே மிதக்கவிட வேண்டும். மீன் ஆடாமல், உடையாமல், மேற்புறமும் குழம்பில் நனைந்து வேகும். பத்து நிமிடம் கழித்து மிசோவைக் கரைத்து ஊற்றி, குழம்பு மினுங்கும்வரை கரண்டியால் அள்ளி அள்ளி மீன்மேல் விட வேண்டும்.

முதலில் சர்க்கரை, கடைசியில் மிசோ. இதற்கு ஜப்பானிய வீடுகளில் ஒரு வாய்பாடு உண்டு: ச, ஷி, சு, செ, சொ. சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாறு, மிசோ ஆகியவற்றின் பெயர்களை நெடுங்கணக்கு வரிசையில் கோத்தது. உப்பு முந்திக்கொண்டால் சர்க்கரை மீனுக்குள் ஏறாது. மிசோ அதிகம் கொதித்தால் மணம் போய்விடும். மகள்களுக்கு மனப்பாடம் செய்விக்கும் அளவுக்கு நுட்பம் உள்ள வேலை இது. ஒரு விடுதி நிறைய இளைஞர்களுக்கு இத்தனை மீனையும் யாரோ சுடுநீர் ஊற்றி, இரத்தம் வழித்து, உடையாமல் வேகவைத்திருக்கிறார்கள். நாவலுக்கு அது ஓர் ஆணி.

அம்மா தூத்துக்குடிக்காரி. கடற்கரையில் பிறந்தவள். அகநானூற்றின் 60ஆம் பாடலில் மகள் தந்தைக்குக் கொண்டுபோகும் சோற்றிலேயே அயிலைக்குத் துணை புளிதான். அந்தப் பரம்பரைக்காரி அடுப்பருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, மீனுக்கு ஆராவது சீனி போடுவாளா?”

சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு துண்டைப் பிட்டுச் சோற்றோடு வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்:

“சீனி போட்டா உப்புக் கரிக்கது தெரியாது போலிருக்கே. எங்கம்மைக்கு இது தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பா.”

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அம்மாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது தாத்தா ஒருநாள் மதியச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மீன்குழம்பில் உப்புக் கூடியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் கொழும்புக்குத் தோணி ஏறிவிட்டார். திரும்பி வர ஒன்பது ஆண்டு ஆயிற்று. ‘அன்னைக்கு வச்ச குழம்பு’ என்றுதான் சொந்தக்காரர்கள் அந்த ஒன்பது ஆண்டையும் குறிப்பிடுவார்கள். ஆச்சியும் அதை நம்பினாள். அதற்குப் பிறகு அவள் வைத்த எந்தக் குழம்பிலும் உப்பு குறைவு. நாங்கள் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பை வைத்துவிடுவாள், வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று.

தாத்தா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். திருப்பி வாங்கிய புரோநோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. எல்லாம் அவர் கொழும்புக்குப் போவதற்கு முந்தைய தேதி. நான்கு பேரிடம் கடன், நான்கும் வட்டி ஏறி நின்றவை. குழம்பு எப்படி இருந்திருந்தாலும் அந்த வாரம் அவர் ஊரில் இருந்திருக்க முடியாது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாதான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆச்சி கேட்டது ஒன்றுதானாம்: “அப்ப அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்திச்சோ?”

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஓகாயின் நாவலுக்குத் திரும்பியபோது, அதில் முன்னாலேயே இன்னொரு மீன் இருப்பது கண்ணில் பட்டது. ஒதாமா புது வீட்டுக்குக் குடிவந்த புதிது. உமேயை மீன் வாங்கிவர அனுப்புகிறாள். சிறுமி அழுதுகொண்டே வெறுங்கையோடு திரும்புகிறாள். வட்டிக்காரனின் வைப்புக்கு விற்க எங்களிடம் மீன் இல்லை என்று கடைக்காரன் மனைவி சொல்லிவிட்டாள். தன்னை வைத்திருப்பவன் யார் என்று ஒதாமாவுக்குத் தெரியவருவது அந்த மீன்கடையிலிருந்துதான். தந்தையிடம் சொல்லி அழலாம் என்று போகிறாள். அவருடைய நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல், சொல்லாமலே திரும்புகிறாள்.

நாவலின் புரோநோட்டுக் கட்டு இதுதான். ஏமாற்றிய போலீஸ்காரன் பெயர் கெடாமல் போனது, கெட்ட பெயர் அவளுக்கு வந்தது, தந்தையின் முதுமைக்கு அவள் உடம்பு ஈடானது, வட்டி வாங்குபவனுக்கு மீன் விற்பவர்கள் அவனிடம் மாட்டிக்கொண்டவளுக்கு விற்க மறுத்தது: இவை எல்லாம் அந்த விடுதித் தட்டு வருவதற்கு வெகுகாலம் முந்தையவை. ஒகாடா அன்று தனியாகவே வந்திருந்தாலும் மறுநாள் விடுதியை விட்டுக் கிளம்பத்தான் போகிறான். பயணம் முடிவாகிவிட்டது. அவள் பேசியிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு மாலைநேரம். அந்த ஒரு மாலையின் இழப்பு சின்னதல்ல. அது மீனால் வந்தது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அவள் வாழ்க்கையை மீன் கெடுத்தது என்று மட்டும் சொல்ல முடியாது.

இரண்டு மீன்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. ஒருவன் தன்முன் வைத்த மீனை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கி நடக்கிறான். ஒருத்திக்குக் காசு கொடுத்தாலும் மீன் இல்லை. மறுக்கும் உரிமை அவனிடம், மறுக்கப்படுவது அவள் பங்கு. அன்று இரவு நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். குளத்தருகே நண்பன் இஷிஹாராவின் கல்லடியிலிருந்து வாத்துகளைத் தப்பவைக்கக் கல்லெறிந்த ஒகாடா, தவறுதலாக ஒரு வாத்தைக் கொன்றுவிடுகிறான். அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, மூவருமாக அவள் வாசலைக் கடந்து போகிறார்கள். பிறகு அந்த வாத்து மதுவுக்குத் தொடுகறி ஆகிறது. பெண்கள் சமைத்த மீனை ஒதுக்கிய பொழுது, தாங்கள் கொன்ற வாத்தில் முடிகிறது. தலைப்புக்கு வாத்து வந்தது. பழிக்கு மீன் வந்தது.

ஓகாய்க்கு நியாயம் செய்யாமல் முடிக்கக் கூடாது. கதைசொல்லி மீனைப் பிடித்துக்கொண்டாலும் நாவலாசிரியருக்கு அதைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. மீன்கடையை எழுதியவரும் அவர்தான். முட்டையை எழுதியவரும் அவர்தான். எனக்கு மிகப் பிடித்த காட்சியும் அவர் எழுதியதே: காத்திருக்கும் அந்த நாளில் உமேயை அனுப்பிவிட்டு, அவள் பாதியில் விட்ட பாத்திரங்களை ஒதாமா கழுவத் தொடங்குகிறாள். ஏழை வீட்டில் வளர்ந்தவள், நொடியில் முடிக்கக் கூடியவள். அன்று ஒரே தட்டை ஐந்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். தன் ஆசையைத் தானே முடிவு செய்த ஒரு பெண்ணுக்கு அந்த நாவலில் கிடைத்த சுதந்திரமான இடம் அந்தக் கழுவுமிடம்.

அந்தக் காலத்து ஜப்பானியப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. இந்த நாவல் ‘சுபரு’வில் தொடங்கிய அதே 1911 செப்டம்பரில்தான் ஹிரட்சுகா ராய்ச்சோவும் தோழிகளும் ‘செய்தோ’ இதழைத் தொடங்கினார்கள். பெண்களே நடத்திய இலக்கிய இதழ். முதல் இதழில் கதை எழுதியவர்களில் ஒருவர் மோரி ஷிகே. ஓகாயின் மனைவி. 1975இல், ஒரு உடனடி ராமென் விளம்பரத்தில் பெண் ‘நான் சமைப்பவள்’ என்றும் ஆண் ‘நான் சாப்பிடுபவன்’ என்றும் சொன்னபோது பெண்கள் குழு ஒன்று எதிர்த்து எழுந்தது. அந்த ஆண்டே விளம்பரம் நிறுத்தப்பட்டது. பரிமாறப்பட்டது என்ற வினைக்கு எழுவாய் கேட்டவர்கள் அங்கேயே இருந்தார்கள். எனக்குத்தான் பார்க்கப் பல ஆண்டு ஆயிற்று.

இனி வினாத்தாளில் ஊழ்வினையோடு ஒப்பிடுக என்று கேட்கப்போவதில்லை. நாவலில் வரும் இரண்டு மீன்களையும் ஒரு முட்டையையும் எடுத்துக்கொண்டு, யார் வாங்கினார், யார் சமைத்தார், யார் கொண்டுவந்தார், யார் மறுத்தார் என்று எழுதச் சொல்லப்போகிறேன். விதியைப் பற்றி எழுத விரும்புபவர்கள் இந்தக் கணக்கை முடித்துவிட்டு எழுதலாம்.

பாத்திரம் கழுவும்போது அம்மாவுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். கடைசியில் கதைசொல்லிக்கு ஒதாமாவோடு எப்படியோ பழக்கம் ஏற்பட்டு, பாதிக் கதையை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான் என்பதையும் சொன்னேன். அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“அப்பம் மீனுதான் காரணம்னு அவகிட்ட சொன்னானாட்டி?”

சொன்னதாக நாவலில் இல்லை என்றேன்.

“நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா அவளும் நம்பியிருப்பா.”